வியாழக்கிழமைப் பிரின்டர்

அத்தியாயம் 3

"அந்த மெஷின்லேர்ந்து என் கால் வருதுங்க" என்றாள் அஃப்ஸர் ஜஹான்.

புது மனிதர்கள் முன்னால் மேகலாவுக்கு வாய் லேசில் திறக்காது. அதை ஆழ்ந்த யோசனை என்று கட்சிக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவளுடைய துப்பறியும் ஆபீசுக்கு இதுவரை கிடைத்த ஒரே விளம்பரம் அதுதான்.

வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னா மேடம், காலா? முழு ஆளும் வர்றதுக்குள்ள நாம வேலூர் போய் சேந்துடலாமா?"

ஜான்சன். பாகாயத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன், இப்போது மேகலாவுக்கு உதவியாளன். சவாரி ஏற்றுவதை விட்டானே தவிர, பின்சீட்டு ஆட்களிடம் பேசிக்கொண்டே வரும் பழக்கத்தை விடவில்லை. இன்றைக்கு அவனுக்கு இடம் வாசற்படியில், செருப்புகளுக்குப் பக்கத்தில். உள்ளே இருப்பவள் இத்தாவில் இருக்கிறாள். கணவனை இழந்த பெண் அந்தக் காலம் முடியும்வரை வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள். அந்நிய ஆண்கள் யாரும் உள்ளே போகமாட்டார்கள். வாசலில் கனமான பச்சைத் திரை தொங்கியது. ஜான்சனின் குரலுக்கு மட்டும் அந்தத் திரை ஒரு தடையாக இல்லை.

"ஜான்சன், கொஞ்சம் சும்மா இருங்க."

"இருக்கேன் மேடம். சும்மா இருக்கவும் சம்பளம்தானே."

அஃப்ஸர் ஜஹான் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அதிலிருந்த தாள்களைப் பாயின் மேல் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் மெல்லிய கறுப்புக் கோட்டில் ஒரு வடிவம். ஒன்று பிறை மாதிரி. ஒன்று நாக்கு மாதிரி. இன்னொன்று பாதியாய்க் கிழித்த இலை. ஆம்பூரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஷூவின் மேல்பாகத்துக்குத் தோல் வெட்டும் பேட்டர்ன்.

பிறகு அவள் இடது காலைப் பாவாடை விளிம்பிலிருந்து சற்றே நீட்டினாள். சிறு வயதில் வந்த காய்ச்சலில் சூம்பிய கால். முன்பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. நாக்கு மாதிரி இருந்த தாளை எடுத்துக் காலின் மேல் வைத்தாள். கோடு எங்கே வளைந்ததோ, அங்கே காலும் வளைந்தது.

"கடைல எந்தச் செருப்பும் எனக்குச் சேராது. இந்த மாதிரி கால் வேற யாருக்கும் இல்ல. இதோட அளவு தெரிஞ்சவரும் ஒருத்தர்தான்."

அந்த ஒருவர் அவள் கணவர் சமீருல்லா. ஷூ ஃபேக்டரி ஒன்றில் பேட்டர்ன் மாஸ்டர். நான்கு மாதங்களுக்கு முன்னால், ஒரு பிற்பகலில், பைபாஸ் ஓரம் கவிழ்ந்த பைக்குக்குப் பக்கத்தில் இறந்து கிடந்தவர்.

மேகலா தாளைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்ததில் இந்த மாதிரி நேரத்துக்கென்று ஒரு பாடம் இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

"எப்ப வருது?"

"வியாழக்கிழமை. ஜுமேராத்ல" என்றாள் பின்னாலிருந்து சுகரா பேகம். அஃப்ஸரின் அக்கா. பேரணாம்பட்டிலிருந்து வந்து தங்கியிருப்பவள், வேலூர் வரை வந்து மேகலாவை அழைத்தவளும் அவள்தான். "சாயங்காலம், அஸர் தொழுகை முடிஞ்சு மக்ரிப் பாங்கு சொல்றதுக்குள்ள. அந்த நேரத்துல இறந்தவங்களோட ரூஹ் வீட்டுக்கு வரும்னு பெரியவங்க சொல்வாங்க. எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. யாரோ விளையாடறாங்கன்னுதான் நான் சொல்றேன்."

"மெஷின்ல அவர் பேர் வருது, ஆபா" என்றாள் அஃப்ஸர். "விளையாடறவங்களுக்கு அது எப்படி வரும்?"

பிரின்டர் முன்னறையில், தெருவைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே ஒரு ஸ்டூலில் இருந்தது. வெள்ளை நிறம், சின்னத் திரை. பேட்டர்ன் வரைந்து வீட்டிலேயே அச்செடுத்துப் பார்க்க சமீருல்லா ஆசையாக வாங்கியது. அதன் முன்னால் ஒரு தலையணை கிடந்தது. அதில் யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்த பள்ளம்.

"நாப்பதாம் நாள் ஃபாத்திஹா முடிஞ்ச அடுத்த வாரம் ஆரம்பிச்சது" என்றாள் சுகரா பேகம். "முதல்ல வைஃபைதான் காரணம்னு கேபிள்காரர் பாஸ்வேர்டை மாத்திக் கொடுத்தார். அப்பவும் வந்துது. ரவுட்டரையே கழட்டி பீரோல வெச்சேன். அப்பவும் வந்துது. பேப்பரை எடுத்துட்டேன். சிவப்பு லைட்டைப் போட்டு பேப்பர் கேக்குதும்மா அது!"

"பிளக்கைப் பிடுங்கினீங்களா?" என்றது திரைக்கு வெளியே இருந்த குரல். "பொதுவா பேய்க்குக் கரன்ட் வேணாம்."

"பிடுங்கினேன் தம்பி. இவ திரும்பச் சொருகிட்டா."

அஃப்ஸர் ஜஹான் தாள்களை ஒழுங்காக அடுக்கி உறைக்குள் வைத்தாள். அவள் முகத்தில் பயமில்லை என்பதை மேகலா அப்போதுதான் கவனித்தாள். பயந்தவள் அக்கா. இவள் காத்திருப்பவள்.

"இத்தா முடியப்போவுது. முடிஞ்சதும் பேரணாம்பட்டு வந்துடுன்னு ஆபா கூப்பிடறாங்க. அவர் இங்க வந்துட்டிருக்கும்போது நான் எப்படிப் போவேன்?" என்றாள். "தனியாப் போய்ட்டாருங்க. ரோட்டோரமா, தண்ணி கொடுக்கக்கூட ஆளில்லாம. அதனாலதான் வர்றாரோ என்னவோ. அது அவரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. அவர்னா நான் இங்கியே இருந்துடறேன்."

"இல்லனா?"

அவள் உறையைக் கட்டிலுக்கு அடியில் திரும்பத் தள்ளினாள்.

மேகலா பிரின்டர் முன்னால் உட்கார்ந்தாள். மனிதர்களைவிட இது சுலபம். திரையை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். வீட்டு வைஃபை: இணைப்பு இல்லை. நியாயம்தான், ரவுட்டர் பீரோவில் தூங்குகிறது. அதற்கடுத்த பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது. அதில் பச்சைப் புள்ளி.

"ஜான்சன், உங்க போன்ல வைஃபை லிஸ்ட்டைத் திறங்க."

"திறந்தேன். நாலு வீட்டு சிக்னல் இருக்கு. எல்லாத்துக்கும் பூட்டு. ஒண்ணு மட்டும் 'டைரக்ட்'னு ஆரம்பிக்குது."

"அதுதான். பாஸ்வேர்ட் சொல்றேன், போடுங்க."

சின்னத் திரையில் காட்டிய எண்களை ஜன்னல் வழியாகச் சொன்னாள். ஜான்சன் முணுமுணுத்தபடி அடித்தான். ஒரு தடவை தப்பு. மறுபடி. "கனெக்டட்" என்றான் வெற்றியோடு.

"எதையாவது பிரின்ட் கொடுங்க."

பிரின்டருக்குள் ஏதோ தொண்டையைச் செருமியது. சுகரா பேகம் இரண்டடி பின்னால் போனாள். சின்னத் திரையில் 'கிங் ஜான்சன்' என்ற பெயர் ஓட, ஆட்டோவின் மேல் கைவைத்து, கூலிங் கிளாசோடு நிற்கும் ஜான்சன் மெல்ல வெளியே வந்தான்.

"யா அல்லாஹ்" என்றாள் சுகரா பேகம். "இதுக்கு அதுவே தேவலை."

"ரவுட்டர் இல்லாம எப்படிங்க?" அஃப்ஸரின் குரல் மாறியிருந்தது.

"இந்த மாதிரி பிரின்டர் தானே ஒரு சிக்னல் விடும். போன் நேரா அதோட பேசிக்கும், நடுவுல ரவுட்டர் வேணாம். ஒரு தடவை பாஸ்வேர்ட் போட்டா போன் அதை ஞாபகம் வெச்சுக்கும். அடுத்த தடவை பக்கத்துல வந்தாலே தானாச் சேர்ந்துக்கும். யாரும் எதையும் தொட வேணாம். உங்க வீட்டுக்காரர் இப்படிச் சேர்த்து வெச்சிருந்தாரா?"

"நெட் போனாலும் வேலை ஆவணும்னு சொல்லிட்டிருப்பார்."

"அவர் போன் எங்க?"

"கிடைக்கல. கீழ விழுந்தப்ப யாரோ எடுத்துட்டுப் போய்ட்டாங்க. மய்யித்து எடுத்த வீட்ல போனை யார் தேடுவாங்க?" அக்காவைப் பார்க்காமல் சொன்னாள். "நான் தினம் அந்த நம்பருக்குப் போடுவேன். ரிங் போவும். எடுக்கமாட்டாங்க."

சுகரா பேகத்துக்கு இது புதுச் செய்தி.

மேகலா எழுந்து ஜன்னலோரம் நின்றாள். தெருவில் தோல் ஏற்றிய மினி வேன் ஒன்று ஊர்ந்து போனது. ரிங் போகிறது. இத்தனை மாதமாக.

"ஜான்சன், ஒரு திருடன் போனைத் திருடினா முதல்ல என்ன செய்வான்?"

"சிம்மைக் கழட்டி சாக்கடைல போடுவான். பொழுது சாயறதுக்குள்ள பஜார்ல வித்துடுவான்."

"இவன் தினம் சார்ஜ் போடறான். ரீசார்ஜும் பண்றான். ஆனா ரிங் வந்தா எடுக்கறதில்ல. இது திருடனோட வேலையா?"

"இல்ல மேடம். இது போனைச் சோறு போட்டு வளக்கற ஆள்."

அஃப்ஸர் ஜஹான் பிரின்டருக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

மேகலாவுக்கு இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. அதைச் செய்யலாமா என்று ஒரு கணம் தயங்கினாள். அதன் விடை அவளுக்கு ஏறக்குறையத் தெரியும். இந்தப் பெண் அதைத் தாங்குவாளா என்பதுதான் தெரியாது.

"தெருக்கோடிக்குப் போங்க, ஜான்சன். அங்க நின்னு பிரின்ட் கொடுங்க."

அவன் போனான். கொஞ்ச நேரத்தில் தூரத்திலிருந்து கத்தினான். "கொடுத்துட்டேன்! வருதா?"

பிரின்டர் அசையவில்லை.

"போனைப் பாக்கெட்ல போட்டுட்டு நடந்து வாங்க. தொடாதீங்க!"

அறைக்குள் மூன்று பெண்களும் வெள்ளைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே ஜான்சனின் செருப்புச் சத்தம் நெருங்கியது. டீக்கடை முனை தாண்டியது. பக்கத்து வீட்டு கேட் தாண்டியது. ஜன்னலுக்கு எதிரே வந்து, நின்றது. அவன் யாரிடமோ "ஒண்ணுமில்ல பாய், வாக்கிங்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பிரின்டர் செருமியது. தாள் வெளியே வந்தது.

"பாக்கெட்ல கைகூட வைக்கல மேடம்!" என்றான் ஜான்சன், திரைக்கு வெளியே வந்து. "சத்தியமா. மாதா மேல."

"தூரத்துல அழுத்தினா, போன் அதை வெச்சுக்கிட்டுக் காத்திருக்கும்" என்றாள் மேகலா. யாரையும் பார்க்காமல் பேசுவது அவளுக்கு எளிதாக இருந்தது. பிரின்டரைப் பார்த்துப் பேசினாள். "பிரின்டர் பக்கத்துல வர்றப்ப இறக்கிடும். அழுத்தினவர் அப்ப இருக்கணும்னு அவசியமில்ல."



"அன்னிக்கு மத்தியானம் ஃபேக்டரிலேர்ந்து பேசினார்" என்றாள் அஃப்ஸர் ஜஹான். "மெஷின்ல சில தாள் வரும், வந்ததும் எடுத்துப் பாருன்னார். நான் போய்ப் பாத்தேன். ஒண்ணும் வரல. வெறும் பேப்பர்தான் இருக்குன்னு கிண்டல் பண்ணேன். சிரிச்சார். அப்ப நான் வந்துதான் ஆவணும் போலருக்குன்னார்."

அவள் தலையணைமேல் மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்ப இது அவர்தான்."

"அனுப்பினது அவர்தாங்க" என்றாள் மேகலா. "கொண்டு வர்றது வேற யாரோ."

அந்த வீட்டில் அதுவரை இருந்த பயம் வேறு. இப்போது வந்தது வேறு. ஆவி வருவதாக நினைத்தபோது சுகரா பேகம் ஓதினாள். மனிதன் வருவதாகத் தெரிந்ததும் எழுந்து பின்கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மாடில யாரு?" என்று கேட்டான் ஜான்சன். வந்ததிலிருந்து மாடியின் மேல் அவனுக்கு ஒரு கண்.

"நயீம் அகமது. குடக்கூலிக்கு இருக்கார். ஷூ அப்பர் தைக்கிற மெஷின் போட்டிருக்கார். நல்ல மனுஷன்" என்றாள் அஃப்ஸர்.

"எல்லாக் கேஸ்லயும் மாடிக்காரன் நல்ல மனுஷன்தான். வீட்டை வளைச்சுப்போட ஆவியைக் கிளப்பி விட்டிருக்கான். மேல போலாமா மேடம்?"

"வேணாம். போன் மாடில இருந்தா ராத்திரி பகலா சிக்னல்லயே இருக்கும். எல்லாத் தாளும் ஒரேயடியா வந்து விழுந்திருக்கும். இது ஒரு வாரம் ஒண்ணு வருது, நின்னுடுது. அந்தப் போன் இங்க குடியிருக்கல. வருது. கொஞ்ச நேரம் நிக்குது. போயிடுது." அவள் அஃப்ஸரின் பக்கம் திரும்பினாள். "வியாழக்கிழமை சாயங்காலம் யார் வருவாங்க?"

"யாரும் வரமாட்டாங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? இத்தால இருக்கற வீடு. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க காலைல வருவாங்க. சாயங்காலம் யாரும் வரமாட்டாங்க. சத்தியமா யாரும் வரலங்க."

பொய் சொல்லும் முகமில்லை. மேகலாவுக்கு வழி அடைத்துக்கொண்டது. சிக்னல் இருக்கிறது, போன் இருக்கிறது, வாரம் தவறாமல் அது வருகிறது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு வர ஆள் இல்லை. அறிவியலை எல்லாம் சொல்லி முடித்த பிறகு திரும்பவும் பேயிடமே வந்து நிற்பது அவளுக்கு அவமானமாக இருந்தது.

அப்போது சுகரா பேகத்தின் போன் அடித்தது. பேரணாம்பட்டிலிருந்து அவள் கணவர் போலிருக்கிறது. உருதுவில் தொடங்கித் தமிழுக்கு வந்து, பாதிப் பாதியாகப் பேசினாள். "இல்லங்க... வீட்டுக்கு யாரும் வரல... ஒரு பொண்ணு மட்டும் வந்திருக்கு, வேலூர்லேர்ந்து. வேற யாருமில்ல."

"நான் ஒருத்தன் மத்தியானத்துலேர்ந்து இங்க உக்காந்து காஞ்சுட்டிருக்கேன்!" என்றது திரைக்கு வெளியே குரல். "என்னைக் கணக்குலயே சேக்கலயா அம்மா?"

சுகரா பேகம் போனைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். "நீ உள்ள வரலயே தம்பி. வாசலுக்கு வெளிய நிக்கறது வந்த கணக்கா?"

மேகலா அசையாமல் நின்றாள்.

வாசலுக்கு வெளியே நிற்பது வந்த கணக்கில்லை. இந்த வீட்டின் சட்டம் அது. ஆனால் பிரின்டர் இத்தாவில் இல்லை. அதற்குத் திரையும் ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான்.

"அக்கா" என்றாள் அஃப்ஸரிடம். சொல் தானாக வந்தது. "வியாழக்கிழமை சாயங்காலம் உள்ள வராதவங்க யாரு?"

அஃப்ஸர் ஜஹான் புரியாமல் பார்த்தாள்.

"வாசலோட நின்னுட்டுப் போறவங்க. எதையாவது கொடுத்துட்டு."

"ஷபீதான்" என்றாள் அவள், இதிலென்ன இருக்கிறது என்பது போல. "அவர் தம்பி, ஷபீ அஹமது. ஜுமேராத்துக்கு மாமியார் வீட்ல ஃபாத்திஹா ஓதி எனக்குச் சாப்பாடு அனுப்புவாங்க. ஜன்னல் கம்பில பையை மாட்டிட்டு, 'பாபி, பை'ன்னு குரல் கொடுத்துட்டுப் போய்டுவான். நாப்பது வரைக்கும் அத்தையே கொண்டு வந்தாங்க. அப்புறம் முட்டி வலி, அவங்களால நடக்க முடியல. அதனால..."

நாற்பதுக்கு அப்புறம். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் அவள் காதுக்குப் போனது. கை வாயைப் பொத்தியது.

"அவன் அன்னிக்கு ஊர்லயே இல்ல" என்றாள் விரல்களுக்கு நடுவிலிருந்து. "மெட்ராஸ்ல இருந்தான். பெரியமேட்டுக்குத் தோல் எடுத்துட்டுப் போயிருந்தான். மய்யித்து எடுக்கற நேரத்துக்குத்தான் வந்தான்."

இன்றைக்கும் வியாழக்கிழமைதான். வெளியே, தெருவுக்கு அப்பால் எங்கோ, அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பேசிக்கொண்டு கலையும் சத்தம் கேட்டது.

மேகலாவும் ஜான்சனும் எதிர்வீட்டுச் சுவரோரம் நிறுத்தியிருந்த ஆட்டோவில் போய் உட்கார்ந்தார்கள். வெயில் மஞ்சளாகித் தெருவில் சாய்ந்து கிடந்தது.

"அண்ணன் சாவுல தம்பி" என்றான் ஜான்சன். முதல் தடவையாக அவன் குரலில் விளையாட்டு இல்லை. "சொத்தா மேடம்?"

"தெரியல."

"தப்பிச்சு ஓடினா?"

"பிடிங்க."

"சம்பளத்துக்குள்ளயே வருமா அது?"

ஷபீ அஹமது நடந்து வந்தான். ஒல்லியான உடம்பு, வெள்ளை ஜிப்பா, தொப்பி. கையில் துணிப்பை. ஜன்னல் கம்பியில் பையை மாட்டி, "பாபி, பை" என்று அண்ணிக்குக் குரல் கொடுத்தான். உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் வந்து பையை எடுத்துக்கொண்டது.

மாட்டியதும் போய்விடுவான் என்றுதான் அஃப்ஸர் சொல்லியிருந்தாள். அவன் போகவில்லை. ஜன்னலுக்கு ஒதுங்கி, உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாதபடி, சுவரில் முதுகைச் சாய்த்து நின்றான். கண்ணை மூடிக்கொண்டான். உள்ளே எதையோ கேட்கப் போகிறவன் போலத் தலையைச் சாய்த்திருந்தான்.

ஜன்னலுக்குப் பின்னால் பிரின்டர் செருமியது.

மேகலா தன் போனை எடுத்து, அஃப்ஸர் கொடுத்திருந்த எண்ணை அழுத்தினாள். சத்தமில்லை. ஆனால் ஜிப்பாப் பையின் வெள்ளைத் துணிக்குள் ஒரு வெளிச்சம் எரியத் தொடங்கியது. நெஞ்சுக்கு மேலே, சரியாக இடது பக்கம்.

ஷபீ கண்ணைத் திறந்தான். எதிரே ஆட்டோவிலிருந்து இறங்கி வரும் பெண்ணின் காதில் போன். அவன் தன் பையைப் பார்த்தான். ஜான்சன் ஓடத் தயாராகச் செருப்பைக் கழற்றினான்.

அவன் ஓடவில்லை. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

"எடுத்துக்கங்க" என்றான் போனை நீட்டி. "என்னால இதுக்கு மேல சார்ஜ் போட முடியல."

மேகலா அதை வாங்கவில்லை. அவனுக்கு எதிரே, தெருவிலேயே குந்தி உட்கார்ந்தாள். என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவள் பேசாமலிருந்ததால் அவன் பேசினான்.

"அன்னிக்கு நான் மெட்ராஸ்லேர்ந்து மத்தியானமே வந்துட்டேன். பாய்ஜான் கூட்டிட்டுப் போக வந்தார். வண்டி நான் ஓட்டறேன்னேன். எனக்கு லைசென்ஸ் இல்ல, வேணாம்டான்னார். கேக்கல. நாய் குறுக்க வந்துது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லங்க. அவர் தலை கல்லுல..." மூச்சு வாங்கினான். "அவர் போன்லதான் ஆம்புலன்சுக்குச் சொன்னேன். மடில போட்டுட்டு உக்காந்திருந்தேன். கலிமா சொல்லிக் கொடுத்தேன். சொன்னார். மூச்சு நின்னுட்டுது. சைரன் கேட்டுது. என்னைக் கேட்டா கால் எழுந்துது? அதுவா ஓடிட்டுது. கைல அவர் போன். அப்புறம் எல்லாரும் தனியா ஓட்டிட்டுப் போய் விழுந்தார்னு பேசிட்டாங்க. அதை உடைக்க எனக்கு வாய் வரல."

"போனை ஏன் தூக்கிப் போடல?" என்றான் ஜான்சன் மெதுவாக.

"பாபி தினம் போடுவாங்க. ஸ்கிரீன்ல அவங்க பேர் வரும். ஸ்விட்ச் ஆஃப்னு அவங்களுக்குக் கேட்டுடக் கூடாதுன்னு..."

"வாரா வாரம் இங்க நிக்கிறீங்களே, எதுக்கு?" என்று கேட்டாள் மேகலா.

ஷபீ முழங்கையால் முகத்தைத் துடைத்தான்.

"அவர் கடைசியாச் சொன்னது அதுதான். கலிமாவுக்கு முன்னாடி. 'அஃப்ஸர் சாப்பிட்டிருக்கமாட்டா. நான் வீட்டுக்குப் போனா சேந்து சாப்பிடலாம்னு இருப்பா. அவ சாப்பிட்ட அப்புறம் சொல்லு'ன்னார். ஒவ்வொரு வாரமும் சாப்பாட்டைக் கொடுத்துட்டு, சாப்பிட்டு முடிக்கட்டும், சொல்லிடலாம்னுதான் நிப்பேன். தட்டுச் சத்தம் கேக்கும். அப்ப பயம் வந்துடும். போய்டுவேன்."

அவன் நின்ற நேரம்தான் பிரின்டருக்குக் கிடைத்த நேரம். ஒரு தாள் இறங்கும் நேரம். போன் பையில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

ஜான்சன் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டான். "போலீஸ் வேலை இது மேடம்" என்றான் தாழ்ந்த குரலில். "சொல்லித்தான் ஆவணும்."

"சொல்லணும். முதல்ல அவங்களுக்கு."

அவள் எழுந்து திரையை விலக்கி உள்ளே போனாள். அஃப்ஸர் ஜஹான் நடு அறையில் நின்றுகொண்டிருந்தாள், கையில் பையோடு. பையை எடுத்ததும் ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். எதுவும் கேட்டிருக்காது. ஆனால் நான்கு மாதமாக மூடியிருந்த ஒரு வீட்டில் இருப்பவர்களுக்கு, கதவுக்கு வெளியே என்ன கனமாக இருக்கிறது என்பது எப்படியோ தெரிந்துவிடுகிறது.

மேகலா அதற்குள் தயார் செய்த வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"அது அவர் இல்லங்க" என்றாள்.

அஃப்ஸர் தலையாட்டினாள்.

"ஆனா அவர் தனியாப் போகல."

அஃப்ஸர் நிமிர்ந்து பார்த்தாள்.

"கடைசி வரைக்கும் ஒருத்தர் மடில வெச்சிருந்தார். அவர்கிட்ட உங்களுக்கு ஒண்ணு சொல்லச் சொல்லியிருக்கார். அதை நான் சொல்லக் கூடாது, ஷபீதான் சொல்லணும். ஆனா..." மேகலா பையைக் காட்டினாள். "நீங்க சாப்பிட்ட அப்புறம்தான் சொல்லணுமாம். உங்க வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்லி அனுப்பினாராம்."

சுகரா பேகம் ஏதோ கேட்க வந்தாள். மேகலா வேண்டாம் என்று கையசைத்தாள்.

அஃப்ஸர் ஜஹான் வாசலுக்கு வந்து, திரைக்கு உள்பக்கம், தரையில் உட்கார்ந்தாள். சூம்பிய காலை ஒருபக்கமாக நீட்டிக்கொண்டாள். பையிலிருந்து டிபனைத் திறந்தாள். கிச்சடியும் கீமாவும். தட்டுக் கேட்கவில்லை. டிபனிலேயே கைவைத்துச் சாப்பிடத் தொடங்கினாள். முதல் கவளம் இறங்கவில்லை. தண்ணீர் குடித்து இறக்கினாள். அடுத்தது. அடுத்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், அவசரப்படாமல், ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டாள்.

திரைக்கு அந்தப் பக்கம் ஷபீ வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

டிபனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஷபீ" என்றாள் திரையைப் பார்த்து. "சாப்ட்டுட்டேன். சொல்லு."